கடைசி மனுசன் கட்டுன கக்கூசு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு சிறு கூட்டத்தில் பேசியது. பதிவிலிருந்து எழுதும்போது திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறேன். பேச்சை அதிகம் திருத்தவில்லை.)

தோழர்களே,

'அமெரிக்கக்காரன் எடுத்த ஒரு சிரிப்புத் தொடரைப் பத்திப் பேச ஒரு கூட்டமா?' என்று வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு தோழர் கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். நம்மிடம் வழக்கு இருக்கு, மனு இருக்கு, ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி வாங்க வேண்டியிருக்கு. ஆனா இந்தத் தொடரை நான் தனியாப் பார்க்கவில்லை. எங்க சின்னம்மாவோட பார்த்தேன். அவங்க ஒரு பேரூராட்சியில் இருபத்தாறு வருசமா ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி. அவங்க கேட்ட ஒரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லாமப் போச்சு. அதனாலதான் இந்தப் பேச்சு.

முதலில் கதை. தொடரின் பெயர் 'தி லாஸ்ட் மேன் ஆன் எர்த்', உலகத்தின் கடைசி மனிதன். ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2015 மார்ச்சில் தொடங்கி 2018 மே வரை நாலு பருவங்கள், 67 பகுதிகள் ஓடியது. உருவாக்கியவரும் நாயகனாக நடித்தவரும் வில் ஃபோர்ட்டே. ஒரு வைரஸ் வந்து மனித குலத்தைத் துடைத்துவிட்டுப் போய்விட்டது. கதை தொடங்கும் ஆண்டு 2020. ஆமா, 2015இல் எடுத்தவர்கள் 2020 என்று போட்டார்கள். பிற்பாடு நிஜமாகவே 2020இல் கொரோனா வந்ததும் 'ஆகா, தீர்க்கதரிசனம்' என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு அதில் அக்கறையில்லை. ஜோசியம் பார்க்க நாம கூடவில்லை.

ஃபில் மில்லர் என்று ஒரு வெள்ளைக்காரன். பஸ்ஸை ஓட்டிக்கொண்டு மாநிலம் மாநிலமாகத் தேடுகிறான். ஒரு உயிரும் இல்லை. சொந்த ஊரான அரிசோனா மாநிலத்து டூசானுக்குத் திரும்பி, ஒரு மாளிகையைப் பிடித்துக்கொள்கிறான். ஜனாதிபதி அலுவலகத்துக் கம்பளம் அவன் வீட்டுக் கூடத்தில் கிடக்கிறது. அருங்காட்சியகத்து ஓவியங்கள் அவன் சுவரில் தொங்குகின்றன. குழந்தைகள் குளிக்கிற காற்றடைத்த தொட்டியில் சாராயத்தை நிரப்பி, அதுக்குள்ளயே படுத்துக்கொண்டு குடிக்கிறான். பந்துகளுக்குக் கண் மூக்கு வரைந்து வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறான். எல்லாம் சரி. குழாயில் தண்ணீர் வராதே, வெளிக்கு எங்கே போவது? மாளிகையில் நீச்சல் குளம் இருக்கிறது. குளத்து மேல நீட்டிக்கொண்டிருக்கிற குதிபலகையில் ஒரு ஓட்டை போடுகிறான். அதுதான் கக்கூசு. உக்காந்து பேளுகிறான். குளம் நிரம்புகிறது.

பார்க்கிறவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற இடம் இது. நானும் சிரித்தேன். சின்னம்மா சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், அதனால புரியாமல் இல்லை. கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டாங்க: "ஏம்ப்பா, ஊரே செத்துப்போச்சுன்னியே. அத்தினி பொணத்தையும் யாரு எடுத்தது?"

நான் திரும்பவும் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தேன். முதல் பகுதியில் தெருக்கள் காலியாகக் கிடக்கின்றன. கடைகள் திறந்து கிடக்கின்றன. நகரத்துக்கு நகரம் அத்தனை பேர் ஒரே நேரத்தில் செத்திருக்கிறார்கள். பிணம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. நகைச்சுவைத் தொடர், பிணத்தைக் காட்டினால் சிரிப்பு வராது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். சொல்லிக்கொள்ளட்டும். ஆனா பாருங்க, பீயைக் காட்ட முடிகிறது, அது சிரிப்பு. பிணத்தைக் காட்ட முடியவில்லை. ரெண்டையும் எடுத்துக் காலங்காலமாகப் பழகினவங்களுக்கு அந்தக் காலித் தெரு கற்பனையாகத் தெரியாது. யாரோ வந்து வேலையை முடித்துவிட்டுப் போன தெருவாகத்தான் தெரியும்.

யார் எடுத்தார்கள் என்பதற்கு அமெரிக்காவின் சொந்த வரலாற்றிலேயே பதில் இருக்கிறது. 1793இல் ஃபிலடெல்ஃபியாவில் மஞ்சள் காய்ச்சல். அப்போ அதுதான் நாட்டின் தலைநகரம். ஏறக்குறைய ஐயாயிரம் பேர் செத்தார்கள். அதிபர் வாஷிங்டன் உட்பட வசதியுள்ளவர்கள் ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். பெஞ்சமின் ரஷ் என்கிற பெரிய மருத்துவர், கறுப்பர்களுக்கு இந்தக் காய்ச்சல் வராது, அவர்கள் வந்து உதவ வேண்டும் என்று கேட்டார். அவர் அதை நம்பித்தான் சொன்னார். ஆனால் நம்பிக்கை தப்பு. அப்சலோம் ஜோன்ஸ், ரிச்சர்ட் ஆலன் என்ற இரண்டு கறுப்பினத் தலைவர்கள் ஆள் திரட்டினார்கள். நோயாளிக்குப் பணிவிடை செய்தார்கள், வீடு வீடாகப் போய்ப் பிணம் எடுத்தார்கள், புதைத்தார்கள். அவர்களுக்கும் காய்ச்சல் வந்தது, அவர்களும் செத்தார்கள். எல்லாம் முடிந்ததும் மேத்யூ கேரி என்கிற பதிப்பாளர் ஒரு சிறுநூல் போட்டார். கறுப்பர்கள் அநியாயக் கூலி கேட்டார்கள், செத்தவர் வீட்டில் திருடினார்கள் என்று அதில் எழுதினார். நூல் நன்றாக விற்றது. ஜோன்ஸும் ஆலனும் 1794இல் பதில் நூல் எழுதினார்கள். எத்தனை பேரைப் புதைத்தோம், எவ்வளவு செலவானது, எவ்வளவு வந்தது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஊரைவிட்டுப் போன கேரி, அந்த நூலை விற்றுச் சம்பாதித்ததையும் சுட்டிக்காட்டினார்கள். பிணம் எடுத்தவன் கணக்கு ஒப்படைக்க வேண்டியிருக்கு. ஓடிப்போனவனை யாரும் கணக்குக் கேட்கவில்லை.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். நியூயார்க்கில் ஹார்ட் தீவு என்று ஒரு இடம். ஆதரவற்ற பிணங்களை 1869 முதல் அங்கே புதைக்கிறார்கள். பத்து லட்சத்துக்கு மேல் புதைந்திருக்கிறார்கள். ரொம்ப காலம் குழி வெட்டிப் புதைத்தவர்கள் சிறைக் கைதிகள். 2020இல் கொரோனா பிணங்கள் குவிந்தபோதுதான் அந்த வேலை ஒப்பந்தக் கூலிகளுக்குக் கைமாறியது. அதே 2020 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோவில் பிணவறைகள் நிரம்பி வழிந்தபோது, சிறைக் கைதிகளை வைத்துப் பிணங்களை லாரியில் ஏற்றினார்கள். கூலி மணிக்கு ரெண்டு டாலர். எல் பாசோவிலிருந்து ஃபில் மில்லரின் டூசான் ஒரு பகல் கார் பயணம்.

நமக்கும் இது தெரியாததல்ல. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாகப்பட்டினத்துக் கரையில் பிணம் எடுக்கப் பல ஊர் நகராட்சிகளிலிருந்து கூட்டி வரப்பட்டது யார் என்று இங்கே இருக்கிற மூத்த தோழர்களுக்குத் தெரியும். அது தனிப் பேச்சு. தொடருக்கு வருவோம்.

இந்த உலகம் அழிஞ்ச கதைகள், படங்கள், தொடர்கள் எல்லாத்துலயும் ஒரு ரகசிய ஆசை இருக்கிறது. கடை இருக்கும், கடைக்காரன் இருக்க மாட்டான். மாளிகை இருக்கும், வேலைக்காரி இருக்க மாட்டாள். சாமான் அத்தனையும் இருக்கும், அதைச் செஞ்சவன் இருக்க மாட்டான். கூலி கேட்க ஆள் இல்லை, முறைத்துப் பார்க்க ஆள் இல்லை, எதிர்த்துப் பேச ஆள் இல்லை. உடைமை வர்க்கத்துக்கு இதைவிடச் சொர்க்கம் வேறு உண்டா? இந்தத் தொடரை நான் மற்றதிலிருந்து பிரிச்சுப் பார்க்கிறது எதனாலன்னா, அந்தச் சொர்க்கத்தைக் கொடுத்துவிட்டு, அதில் இந்த ஆளால் தன் பீயைக்கூடச் சமாளிக்க முடியவில்லை என்று காட்டுகிறது. ஒரு குழி வெட்டத் தோணலை பாருங்க அவனுக்கு. மண்ணுல குழி வெட்டி, போயிட்டு மூடறது. இதுக்கு என்ன விஞ்ஞானம் வேணும்? கையில் உலகத்துக் கடப்பாரை அத்தனையும் இருக்கிறது. குளத்தைத்தான் நாறடிக்கிறான்.

பிறகு கரோல் என்று ஒரு பெண் வருகிறாள். கிறிஸ்டன் ஷால் நடித்தது, பிரமாதமாக நடித்திருக்கிறார். உலகத்தில் ரெண்டே பேர். குழந்தை பெத்துக்கணும், ஆனா கல்யாணம் பண்ணாமல் தொட விடமாட்டேன் என்கிறாள். வண்டியே இல்லாத ஊரில் நிறுத்தக் குறியீட்டுப் பலகையைப் பார்த்தால் காரை நிறுத்தச் சொல்கிறாள். அவன் பேசுகிற இலக்கணத்தைத் திருத்துகிறாள். அரசாங்கம் செத்துப்போச்சு, போலீஸ் செத்துப்போச்சு, சட்டம் மட்டும் மண்டைக்குள் உயிரோடு இருக்கு. சாதியைப் பற்றி யோசிக்கிறவர்கள் இந்த இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிட முடியாது. சேரிக்கும் ஊருக்கும் நடுவில் கோடு போட எந்தப் போலீஸ்காரன் வேண்டியிருக்கு?

அடுத்து நான் ரொம்ப நேரம் பேச நினைக்கிறது பெயர் பற்றி. ஒவ்வொருத்தராக ஆட்கள் வந்து சேர்கிறார்கள். அப்புறம் இன்னொரு ஆள் வருகிறான். அவன் பெயரும் ஃபில் மில்லர். போரிஸ் கொட்ஜோ நடித்த பாத்திரம். கறுப்பன். நல்ல ஆகிருதி, கைவேலை தெரிந்தவன், பொறுப்பானவன். ஒரு கூட்டத்தில் ரெண்டு ஃபில் மில்லர். யாருக்கு அந்தப் பெயர்? கடைசியில் கறுப்பின ஃபில் பெயரை வைத்துக்கொள்கிறான். வெள்ளைக்கார நாயகன் தன் நடுப்பெயரான 'டாண்டி'க்கு இறங்க வேண்டியதாகிறது. தொடர் முழுக்க அவன் இனி டாண்டிதான்.

இதை வெறும் வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பார்கள். நான் அப்படிப் பார்க்கத் தயாரில்லை. அடிமைக்குப் பெயர் வைத்தது ஆண்டை. ஆண்டையின் குடும்பப் பெயரே அடிமையின் பெயருக்குப் பின்னால் ஒட்டியது. நம்மிடம் ஊர்க்காரன் வீட்டுப் பெயரை நம் பிள்ளைக்கு வைத்தால் அடி விழுந்த ஊர்கள் இருந்தன. எங்க தாத்தாவுக்குப் பதிவேட்டில் ஒரு பெயர், தெருவில் வேறு பெயர். எல்லோரும் செத்த பிறகும் பெயருக்குச் சண்டை என்றால், பெயரில் ஏதோ இருக்கிறது.

தொடரின் தலைப்பில் 'மேன்' என்று ஒரு சொல் இருக்கிறது, மனிதன். அந்தச் சொல்லை வைத்து அமெரிக்காவில் ஒரு போராட்டமே நடந்திருக்கிறது. 1968 பிப்ரவரி 1, மெம்ஃபிஸ் நகரம். மழைக்கு ஒதுங்க வேறு இடமில்லாமல் குப்பை லாரியின் உள்ளே ஏறி நின்ற எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற ரெண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளிகளைக் குப்பையை நசுக்குகிற இயந்திரம் உள்ளே இழுத்து நசுக்கிக் கொன்றது. பிப்ரவரி 12ஆம் தேதி 1,300 தொழிலாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் கழுத்தில் தொங்கிய அட்டையில் நாலே சொற்கள், 'நான் ஒரு மனிதன்' என்று பொருள். கூலி இவ்வளவு வேணும் என்றுகூட அந்த அட்டையில் இல்லை. அவர்களுக்குத் துணையாகப் போன மார்ட்டின் லூதர் கிங்தான் ஏப்ரல் 4ஆம் தேதி அந்த ஊரில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 16இல் நகராட்சி இறங்கிவந்தது. ஒரு பக்கம் 1,300 பேர் மனிதன் என்று எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. இன்னொரு பக்கம் ஒருத்தன் குளத்தில் பேண்டுவிட்டு 'உலகத்தின் கடைசி மனிதன்' ஆகிவிடுகிறான், அட்டை எதுவும் தேவைப்படாமல்.

கடைசி மனிதன் கறுப்பனாக இருந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்களே எழுதிப் பார்த்திருக்கிறார்கள். டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் 1920இல் எழுதிய 'வால்நட்சத்திரம்' என்ற சிறுகதை. அவசியம் படியுங்கள். ஜிம் என்கிற கறுப்பின வங்கி ஊழியனைப் பாதாள அறைக்கு அனுப்புகிறார்கள், காரணம் உருப்படியான ஆட்களை அனுப்ப முடியாத இடம் அது. அந்த நேரத்தில் வால்நட்சத்திரத்தின் நச்சுக்காற்று நியூயார்க்கைக் கொன்றுவிடுகிறது. அவன் கீழே இருந்ததால் பிழைக்கிறான். ஒரு பணக்கார வெள்ளைக்காரப் பெண்ணும் பிழைத்திருக்கிறாள். ரெண்டு பேரும் தனியாக. இனம் என்பது அவர்கள் மனசிலிருந்து மெல்ல மெல்லக் கழன்று விழுகிறது. அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா வந்துவிடுகிறார், நியூயார்க் மட்டும்தான் செத்திருக்கிறது. கூடவே கூட்டம். கூட்டத்தின் வாயில் இவனைக் கொன்று தொங்கவிடுகிற பேச்சு வந்துவிடுகிறது. 1959இல் ஹாரி பெலஃபோன்டே நடித்து 'தி வேர்ல்ட், தி ஃபிளெஷ் அண்ட் தி டெவில்' என்று ஒரு படமும் வந்தது. அதிலும் அவன் சுரங்கத்தில் மாட்டிக்கொண்டதால்தான் பிழைக்கிறான். கவனியுங்க: வங்கியின் பாதாளம், நிலக்கரிச் சுரங்கம். கீழே தள்ளி வைத்த இடமே உயிரைக் காக்கிறது. நம் ஆட்கள் இறங்குகிற சாக்கடைக் குழி உயிரை வாங்குகிறது, அது வேறு விசயம்.

இந்த டு பாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா. சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதி வேண்டும், தீண்டப்படாதவர்களும் அப்படி ஒன்றை யோசிக்கிறோம் என்று. ஜூலை 31 தேதியிட்டு டு பாய்ஸ் பதில் எழுதினார். ஆகவே டூசானும் மெம்ஃபிஸும் நமக்கு அன்னியம் என்று நான் நினைக்கவில்லை.

தொடரின் மேல் எனக்குக் கோபமும் உண்டு. முதல் பருவத்தில் டாண்டி, டாட் என்ற அப்பாவி நண்பனைப் பாலைவனத்தில் தனியாக விட்டுவிட்டு வரத் திட்டம் போடுகிறான், கடைசி நேரத்தில் மனசு மாறுகிறான். பருவத்தின் முடிவில் கறுப்பின ஃபில் இவனைப் பாலைவனத்தில் கொண்டுபோய்த் தள்ளுகிறான். வெள்ளைக்காரனுக்கு மனசு மாறும், கறுப்பனுக்கு மாறாது. எழுதினவர்கள் இதைக் கவனித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. ரெண்டாம் பருவத்தில் அந்த ஃபிலுக்குக் குடல்வால் நோவு வருகிறது, மருத்துவம் தெரியாதவர்கள் அறுவை செய்கிறார்கள், செத்துப்போகிறான். நம் சினிமாவில் நாயகனின் சேரி நண்பன் இடைவேளைக்கு முன்னால் செத்துக்கொடுப்பானே, அதே மாதிரி. வேலை தெரிந்தவன் போய்விட்டான். சோம்பேறி இன்னும் ரெண்டு பருவம் ஓடுகிறான்.

மூன்றாம் பருவத்தில், 2017 மார்ச்சில் ஒளிபரப்பான ஒரு பகுதி மட்டும் தனியாக நிற்கிறது. கிறிஸ்டன் விக் நடித்த பணக்காரச் சீமாட்டி ஒருத்தி, அவளுடைய நாய். வைரஸ் எங்கேயோ இருக்கிறது என்று விருந்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்புறம் முகமூடி. தொலைக்காட்சியில் ஒரு அதிபர் சாகிறார், அடுத்தவர் பதவியேற்கிறார், அவரும் சாகிறார். வசதியுள்ளவர்களுக்குப் பாதாள அறை இருக்கிறது. 2020இல் இதைத் திரும்பப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு தொண்டையில் நின்றிருக்கும்.

அந்தப் பருவத்தின் முடிவில் அணு உலைகள் உருக ஆரம்பிக்கின்றன. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். யாரும் குண்டு போடவில்லை. எல்லோரும் படகேறி மெக்சிகோவுக்கு ஓடுகிறார்கள். 'இயற்கை', 'தொழில்நுட்பம்' என்று நாம் சொல்கிற பலதும் யாரோ ஒருத்தர் ராத்திரி ஷிப்டில் கண் விழித்துக்கொண்டிருப்பதுதான் என்பதை இதைவிட லேசாகச் சொல்ல முடியாது. குழாயில் தண்ணீர் வருவதும் அப்படித்தான். கக்கூசில் பீ மறைவதும் அப்படித்தான். அது மறையவில்லை, வேறொருத்தர் தெருவுக்குப் போகிறது.

நாலாம் பருவத்தின் கடைசிக் காட்சியில் தரைக்கடியிலிருந்து முகமூடி போட்ட ஒரு பெருங்கூட்டம் வந்து இவர்களைச் சூழ்கிறது. அதோடு தொடரை நிறுத்திவிட்டார்கள். பிறகு ஒரு பேட்டியில் வில் ஃபோர்ட்டே மிச்சக் கதையைச் சொன்னார்: அந்தக் கூட்டம் இவர்களைத் தனியே அடைத்து வைத்துப் பார்த்துவிட்டு, நோய் இல்லை என்று நம்பிச் சேர்த்துக்கொள்ளும். ஆனால் நோயைச் சுமந்தவர்கள் இவர்கள். அந்தக் கூட்டம் செத்துப்போகும். எடுக்கப்படாமலே போன கதை.

இதைச் சின்னம்மாவிடம் சொன்னேன். அவங்க கொரோனா காலத்துக்குப் போயிட்டாங்க. 2020 ஏப்ரலில் அவங்களுக்குக் கொடுத்தது ஒரு துணி முகக்கவசம், ஒரு ஜோடி கையுறை. பத்தாம் நாள் கையுறை கிழிஞ்சுது. தெருவில் தண்ணி கேட்டால் கேட்டுக்கு வெளியே பாட்டிலை வச்சிட்டு உள்ளே போயிடுவாங்களாம். "கொரோனான்னு பயந்தாங்களா?" என்று கேட்டேன். "அதுக்கு முன்ன மட்டும் கையிலயா குடுத்தாங்க? அந்த வருசம்தான் அதுக்கு ஒரு காரணம் கெடச்சுது" என்றார்கள். அப்போ மாலை போட்டார்கள், காலைக் கழுவிப் படம் எடுத்தார்கள், முன்களப் பணியாளர் என்றார்கள். 2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை வாசலில் வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதே என்று உட்கார்ந்த முன்களப் பணியாளர்களை நள்ளிரவில் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது.

நேரமாயிடுச்சு. இப்போ முதல் பகுதியைப் போடப்போகிறோம், அரை மணி நேரம்கூட ஆகாது. வசனத்தை நான் நடுநடுவே நிறுத்தித் தமிழில் சொல்கிறேன். அந்தக் குதிபலகை வரும் இடத்தில் சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அடக்க வேண்டியதில்லை. சின்னம்மாவும் வந்திருக்கிறார்கள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரெண்டாம் தடவை பார்க்க எதுக்கும்மா வர்றீங்கன்னு கேட்டேன். "அந்த ஆளு பாவம்ப்பா, ஒரு வேலையும் தெரியாம வளத்துட்டாங்க" என்றார்கள்.

கேள்விகளைப் படம் முடிஞ்சு வச்சுக்குவோம். யாராவது அந்த விளக்கை அணையுங்க.